காலையில் குளிர், மதியம் புழுக்கம், 5 மணிக்கே இருட்டு: இலையுதிர் காலத்தில் சின்னப் பிள்ளைகளோடு சமாளிப்பது எப்படி?

தென்றல்வாசி கேட்டது:

வீட்டில் 4 வயதுப் பெண், 10 மாதப் பையன். கோடை முழுக்கத் தடங்கலில்லாமல் ஓடிய அன்றாடம், இலை பழுக்க ஆரம்பித்ததும் மூன்று இடத்தில் இடிக்கிறது.

முதலில் உடை. காலை 8 மணிக்கு 6 டிகிரி, பிற்பகல் 2 மணிக்கு 17 டிகிரி. காலையை நினைத்து உடுத்தினால் மதியம் வேர்த்துக் கொட்டுகிறது, மதியத்தை நினைத்து உடுத்தினால் காலையில் நடுக்கம். வாசலைத் தாண்டவே முக்கால் மணி நேரம் ஆகிறது. காரில் தடித்த ஜாக்கெட்டோடு பெல்ட் போடலாமா என்பதில் ஆளுக்கொரு பேச்சு.

அடுத்தது தூக்கம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கும் நாள் இன்னும் பத்து நாளில். இருவரும் இப்போதே 6 மணிக்கு எழுந்துவிடுகிறார்கள். அது 5 ஆகப் போகிறது.

கடைசியாக மூக்கு. ஒருத்திக்கு நின்றால் இன்னொருத்தனுக்கு. எதுவரை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எப்போது ஓடவேண்டும்?

"கதகதப்பாக வையுங்கள், கைகழுவச் சொல்லுங்கள்" என்ற அளவில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அளவும் நேரமும், எது ஏன் சொதப்பும் என்பதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

பருத்திப்பெட்டி எழுதியது:

உடை பற்றி மட்டும் சொல்றேன். உங்க சிக்கல் குளிர் இல்லை, ஒரே நாளுக்குள்ள 11 டிகிரி ஏறி இறங்குறது. நடுக்குளிர்காலத்துக்குத் தடிச்ச உடுப்பு ஒண்ணு போதும், காலையிலிருந்து இரவு வரை அதுவே ஓடும். இப்போ அந்தத் தடிச்ச ஒண்ணை எடுத்து வச்சுட்டு, கழற்றி மாட்டக்கூடிய மெல்லிய மூணா பிரிச்சுக்கணும்.

உடம்பை ஒட்டி மெல்லிய முழுக்கை பனியன். அதுக்கு மேல ஃப்ளீஸ் இல்லைன்னா கம்பளி, முன்பக்கம் ஜிப் வச்சது. தலைவழியா மாட்டுற ஸ்வெட்டரைத் தவிர்த்துடுங்க. மதியம் அதைக் கழற்ற இன்னொரு ஆள் வேணும், ஜிப்னா 4 வயசுப் பிள்ளை தானே திறந்துக்கும். ஜிப் முனையில ஒரு சாவி வளையம் கோத்துவிட்டா சின்ன விரலுக்குப் பிடி கிடைக்கும். எல்லாத்துக்கும் மேல உள்ளே பஞ்சு இல்லாத, காற்றையும் மழையையும் தடுக்கிற மெல்லிய ஜாக்கெட்.

6 டிகிரிக்கு மூணும். 12 தாண்டினா நடு அடுக்கு பைக்குள்ள போகட்டும். 15க்கு மேல பனியன் போதும், காற்றடிச்சா மட்டும் ஜாக்கெட். இது ஓடியாடுற பிள்ளைக்கான கணக்கு. தள்ளுவண்டியில அசையாம உட்கார்ந்திருக்கிற பையனுக்கு உங்க உடம்புல இருக்கிறதைவிட ஒரு அடுக்கு கூட. வீட்டுக்குள்ளயோ கடைக்குள்ளயோ நுழைஞ்ச உடனே தொப்பியையும் அந்தக் கூடுதல் அடுக்கையும் எடுத்துடணும், தூங்கிட்டு இருந்தாலும் சரி. கைக்குழந்தைக்கு அதிகச் சூட்டை வெளியேற்றுற வழி தலைதான். வண்டி மேல போர்வையைத் திரை மாதிரி போடவே கூடாது, உள்ளே காற்றோட்டம் நின்னு சூடு ஏறிடும்.

சரியா உடுத்தியிருக்கோமான்னு கையையோ மூக்கு நுனியையோ தொட்டுப் பார்க்காதீங்க, அது சில்லுன்னுதான் இருக்கும். பிடரியில சட்டைக்குள்ள இரண்டு விரலை விடுங்க. வெதுவெதுப்பா, காய்ஞ்சு இருந்தா சரி. பிசுபிசுன்னு இருந்தா ஒண்ணு கழற்றணும், சில்லுன்னு இருந்தா ஒண்ணு கூட்டணும்.

மழைக்கால்சட்டை வாங்குறப்போ நீர் தாங்கும் அளவை மில்லிமீட்டர்ல போட்டிருப்பாங்க. 2000 தூறலில் நடந்து போக மட்டும்தான். ஈரத்தரையில உட்கார்ந்து சேறு அள்ளுற வயசுக்கு 8000லிருந்து 10000 வேணும், ஏன்னா உட்காரும்போது உடம்பு எடை தண்ணியைத் துணிக்குள்ள அழுத்தித் தள்ளும். தையல் உள்பக்கம் நாடா ஒட்டி மூடியிருக்கான்னும் பாருங்க. கால்சட்டையின் கீழ்முனை பூட்ஸுக்கு வெளியே தொங்கணும், உள்ளே சொருகினா அதுவே வாய்க்கால். துவைக்கும்போது துணி மென்மையாக்கியை ஊத்திட்டா மேலிருக்கிற நீர்தடுப்புப் பூச்சு வேலை செய்யாது. பூச்சு மங்கினா, லேபிளில் அனுமதி இருந்தா உலர்த்தியில குறைஞ்ச சூட்டில 20 நிமிஷம் ஓட்டுங்க, ஓரளவு திரும்பி வரும்.

ரப்பர் பூட்ஸ் கால் நீளத்தைவிட 1லிருந்து 1.5 செ.மீ. கூட இருக்கட்டும். கம்பளிக் காலுறை போட்ட பிறகும் விரல் அசையணும். இறுக்கமா இருந்தா உள்ளே காற்றுக்கு இடமில்லாம கால் விறைக்கும், அதுக்கு மேல இன்னொரு காலுறை மாட்டினா இன்னும் மோசம். நனைஞ்ச காலணியை ஹீட்டர் மேல வச்சா பசை விட்டுப்போகும், தோல் வெடிக்கும். உள்தகட்டை வெளியே எடுத்துட்டு செய்தித்தாளைக் கசக்கித் திணிங்க, ஒரு மணி நேரத்துல ஒரு தடவை தாளை மாத்துங்க. இரண்டு மூணு மாத்துல பெரும்பாலான ஈரம் போயிடும்.

இப்போ அந்த முக்கால் மணி நேரம். பெரும்பாலும் வரிசை தப்புறதுதான் காரணம். முதல்ல பெரியவளுக்குக் கழிவறை, சின்னவனுக்கு டயப்பர். அப்புறம் நீங்க உங்க ஷூவையும் கோட்டையும் போட்டு முடிச்சிடுங்க. பிறகு பெரியவளுக்குக் கால்சட்டை, பூட்ஸ், கையுறை, ஜாக்கெட், இந்த வரிசையில. விரல் பிரிக்காத கையுறையை ஜாக்கெட்டுக்கு முன்னாடி மாட்டி, கைமுனையை அதுக்கு மேல இழுத்துவிட்டா மழை உள்ளே ஓடாது. சின்னவன் கடைசி. அவனை முதல்ல உடுத்தி வச்சா கதவு திறக்கிறதுக்குள்ள வேர்த்து அழுவான், பாதி நாள் ரகளை அதுல ஆரம்பிக்கிறதுதான்.

4 வயசுக்கு ஜாக்கெட் தானே போடச் சொல்லிக்கொடுக்க ஒரு வழி: ஜாக்கெட்டைத் தரையில விரிச்சு, உள்பக்கம் மேலே பார்க்க, தலைமூடி அவ கால்பக்கம் வர மாதிரி வைங்க. குனிஞ்சு இரண்டு கையையும் சட்டைக்கைக்குள்ள விட்டு, தலைக்கு மேல தூக்கிப் பின்னால வீசணும். பத்துத் தடவை பழகினா போதும். பூட்ஸ் இடம்வலம் மாறாம இருக்க ஒரு ஸ்டிக்கரை நடுவுல வெட்டி ஆளுக்குப் பாதியா இரண்டு உள்தகட்டிலயும் ஒட்டுங்க, பக்கத்துல பக்கத்துல வச்சா படம் சேரணும்.

தலைமூடியிலயும் கழுத்திலயும் இழுகயிறு இருக்கிற ஜாக்கெட் இருந்தா கயிற்றை உருவிப் போட்டுடுங்க. சறுக்குமர இடுக்குல மாட்டினா கழுத்தை இறுக்கும். நீளமான மஃப்ளருக்கும் அதே ஆபத்து, தலைவழியா மாட்டுற கழுத்துப்பட்டை நல்லது.

—

வளையம்47 எழுதியது:

கார் கேள்வியை விட்டுட்டீங்களே. தடித்த ஜாக்கெட்டோடு பெல்ட் போடக்கூடாது, இதில் இரண்டு பேச்சுக்கே இடமில்லை. மோதலில் உள்ளிருக்கும் பஞ்சு ஒரு நொடிக்குள் நசுங்கிவிடும், அவ்வளவு இடைவெளியும் பெல்ட்டின் தொய்வாக மாறும். பிள்ளை தோள்பட்டையிலிருந்து நழுவிப் போகலாம்.

நம்பாதவர்களுக்குச் சோதனை எளிது. ஜாக்கெட்டோடு உட்காரவைத்து வழக்கம்போல் இறுக்குங்கள். பட்டையைத் தளர்த்தாமல் கொக்கியை மட்டும் விடுவித்து, ஜாக்கெட்டைக் கழற்றி, மறுபடி மாட்டிப் பாருங்கள். பட்டை எவ்வளவு தொங்குகிறதோ அவ்வளவும் விபத்தில் கிடைக்கும் தொய்வு.

சரியான முறை: மெல்லிய ஃப்ளீஸோடு உட்காரவைத்து, தோள்பட்டைக்கு மேல் பட்டையை நீளவாக்கில் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் சிக்கினால் இன்னும் இறுக்கவேண்டும். மார்புக் கிளிப் உள்ள இருக்கை என்றால் அது அக்குள் மட்டத்தில். பின்னோக்கிப் பார்க்கும் இருக்கையில் பட்டை தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ, முன்னோக்கிய இருக்கையில் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ வெளிவரவேண்டும். பூட்டியபின் ஜாக்கெட்டைப் பின்பக்கம் முன்னாகத் திருப்பிக் கைகளில் மாட்டிவிடலாம், அல்லது போர்வையை இடுப்புக்கு மேல் போர்த்தலாம். இருக்கையோடு வராத தடித்த உள்மெத்தைகளைப் பட்டைக்கு அடியில் போடாதீர்கள், அதுவும் இதே தொய்வுதான்.

—

ராக்கோழி எழுதியது:

தூக்கத்துக்கு வருகிறேன். பத்து நாள் இருக்கிறதென்றால் நல்ல காலம், அவசரமில்லாமல் செய்யலாம்.

கடிகாரம் பின்னால் போவது ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு, வட அமெரிக்காவில் பெரும்பாலும் நவம்பர் முதல் ஞாயிறு. எங்கே இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். பிள்ளையின் உடல் கடிகாரத்தை 60 நிமிடம் தாமதமாக்க வேண்டும். ஒரே இரவில் நகராது, நாளுக்குப் பத்து நிமிடம் என்றால் நகரும். இப்போது 7.30க்குப் படுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வாரத் திங்கள் 7.40, செவ்வாய் 7.50, புதன் 8.00, வியாழன் 8.10, வெள்ளி 8.20, சனி 8.30. ஞாயிறு புதுக் கடிகாரத்தில் 7.30, அது பழைய 8.30தான்.

இந்தத் திட்டம் ஏன் பல வீடுகளில் சொதப்புகிறது என்றால், படுக்கும் நேரத்தை மட்டும் தள்ளிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுவார்கள். பகல்தூக்கம், சாப்பாடு, குளியல், பால் எல்லாம் சேர்ந்து பத்துப் பத்து நிமிடம் நகரவேண்டும். அதைவிடப் பெரியது வெளிச்சம். மாலை வெளிச்சம் உடல் கடிகாரத்தைப் பின்னால் தள்ளும், காலை வெளிச்சம் முன்னால் இழுக்கும். ஆகவே அந்த வாரத்தில் மாலை 5 மணிக்கு இருட்டினாலும் வீட்டு விளக்குகளை முழுசாக எரியவிடுங்கள், படுப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பு மட்டும் மங்கலாக்குங்கள். காலையில் எழுந்துவிட்டாலும் திரைச்சீலையைத் திறக்காதீர்கள், பெரிய விளக்கைப் போடாதீர்கள், சாப்பாட்டைக் கொடுக்காதீர்கள். 5.15க்கு எழுந்தவுடன் பாலும் வெளிச்சமும் கிடைத்தால், நாளைக்கும் 5.15க்கு எழுவதற்கு நீங்களே அச்சாரம் கொடுத்த மாதிரி.

10 மாதப் பையனுக்கு ஒரு திருத்தம். விழித்திருக்கும் நேரத்தை வலுக்கட்டாயமாக நீட்டினால் அலுப்பு மீறி இன்னும் சீக்கிரம் எழுவான். அவனுக்கு 5 நிமிடப் படியாக வைத்து, மிச்சத்தை மாற்றம் வந்த பிறகு முடியுங்கள். பெரியவளுக்கு 5.30க்கு எழுந்தால் என்ன செய்வது என்று சொல்லிவைப்பது பயன்படும். நிறம் மாறும் விளக்கோ, "இந்த எண் வரும்வரை படுக்கையில் புத்தகம்" என்ற விதியோ போதும். ஒன்றே நிபந்தனை, விளக்கு மாறும் நேரத்தை அவள் இப்போது எழும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் மட்டும் தள்ளி வைத்து ஆரம்பியுங்கள். ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால் மூன்றாம் நாள் அந்த விளக்குக்கு மதிப்பிருக்காது.

மொத்தத் தூக்கம் எவ்வளவு என்பதையும் எண்ணிப் பாருங்கள். பகல்தூக்கத்தையும் சேர்த்து 4 முதல் 12 மாதத்துக்கு 12–16 மணி, 1–2 வயதுக்கு 11–14, 3–5 வயதுக்கு 10–13 மணி. 7 மணிக்குத் தூங்கி 6க்கு எழும் 4 வயதுக்காரி 11 மணி நேரம் தூங்கிவிட்டாள். அது சீக்கிர எழுச்சி இல்லை, சீக்கிரப் படுக்கை.

அறைச் சூடு 16–20 டிகிரி போதும். இரவு குளிர்கிறது என்று பையன் மேல் போர்வை போடாதீர்கள். ஒரு வயதுக்குள் படுக்கையில் தளர்வான போர்வை, தலையணை, மெத்தை ஓரத் தடுப்பு எதுவும் கூடாது. தூக்கப் பை நல்லது. அதன் கதகதப்பை டாக் எண்ணில் சொல்வார்கள்: 16–20 டிகிரி அறைக்கு 2.5, 20–24க்கு 1, அதற்கு மேல் 0.5. கழுத்துப் பகுதி தலை உள்ளே நழுவ முடியாத அளவுக்குப் பொருந்தவேண்டும். வளர்வான் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கவே கூடாத பொருள் இது. வெந்நீர்ப் பை, மின்போர்வை குழந்தைப் படுக்கையில் வேண்டாம்.

—

தென்றல்வாசி எழுதியது:

அந்த "சீக்கிரப் படுக்கை" வரி சுட்டது. 7 மணிதான் அவளுக்கு. நன்றி.

பருத்திப்பெட்டி, பனியன் பருத்தியா கம்பளியா என்று சொல்லவில்லையே? பெயரைப் பார்த்தால் பருத்தி என்றுதான் தோன்றுகிறது!

—

பருத்திப்பெட்டி எழுதியது:

பெயரை நம்பாதீங்க. பருத்தி ஈரத்தை இழுத்து வச்சுக்கும், சீக்கிரம் காயாது. ஓடி வேர்த்துட்டு அப்புறம் உட்கார்ந்தா முதுகுல குளிர் இறங்குறது அதனாலதான். ஒரு மணி நேரத்துக்கு மேல வெளியே விளையாடப் போற நாளுக்கு மெல்லிய மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ. பதினைந்து நிமிஷம் நடந்து போய்ச் சேர்ற நாளுக்கு எதுவா இருந்தாலும் ஒண்ணுதான், இருக்கிறதைப் போடுங்க. அதுக்காக அலமாரியை மாத்த வேண்டாம். ஒரு மாற்றுப் பனியனும் இரண்டு ஜோடிக் காலுறையும் பையில நிரந்தரமா இருந்தா பாதிப் பிரச்சினை தீரும்.

—

மூக்குத்துண்டு எழுதியது:

சளி பற்றி. முதலில் எண்ணிக்கை: சின்னப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டுச் சளி இயல்பு, பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் போகும் முதல் ஆண்டில் அதைவிடக் கூடலாம். பெரும்பகுதி இலையுதிர் காலம் தொடங்கி குளிர்காலம் முடிவதற்குள் வரும். ஒவ்வொன்றும் பத்து நாள் ஓடும், இருமல் மூன்று வாரம்வரை இழுக்கும். கூட்டிப் பாருங்கள், "எப்போதும் மூக்கொழுகுகிறது" என்பது வெறும் கணக்குதான், நோய் எதிர்ப்புக் குறைபாடு இல்லை. குளிர்க்காற்றா காரணம் என்றால் நேரடியாக இல்லை. பள்ளி திறந்ததும் பிள்ளைகள் மூடிய அறைக்குள் ஒன்று சேர்வதுதான் முக்கியக் காரணம், வைரஸ் கை வழியாகவும் மூச்சு வழியாகவும் சுற்றுகிறது. அதனால் வெளியே கூட்டிப் போவதை நிறுத்தாதீர்கள், அறையில் காலையும் மாலையும் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கைகழுவல் 20 விநாடி, அதுவும் வெளியிலிருந்து வந்தவுடனும் சாப்பாட்டுக்கு முன்னும் இருந்தால் போதும், நாள் முழுக்கத் தேய்த்தால் தோல்தான் வெடிக்கும்.

10 மாதப் பையனுக்கு மூக்கடைப்பில் உண்மையான தொல்லை பால் குடிப்பது. பால் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு படுக்கவைத்து ஒவ்வொரு நாசியிலும் இரண்டு மூன்று சொட்டு உப்புநீர்த் துளி, ஒரு நிமிடம் விட்டு உறிஞ்சி எடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் கிருமிநீக்கிய துளியே நல்லது. வீட்டில் உப்புக் கரைத்தால் அளவும் சுத்தமும் தப்பும். உறிஞ்சுவது நாளைக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் வேண்டாம், உள்தோல் வீங்கி அடைப்பு கூடும். ஆவி பிடிக்கவைப்பது வேண்டவே வேண்டாம். பயன் நிரூபணமாகவில்லை, கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோவது மட்டும் நிச்சயம் நடக்கிற விபத்து.

தேன் ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டும் கூடாது, பொட்டுலிசம் என்ற நச்சுநோய் அபாயம். பெரியவளுக்கு இரவு இருமலுக்கு அரை முதல் ஒரு டீஸ்பூன், அதாவது 2.5 முதல் 5 மி.லி., படுப்பதற்கு முன். பல் துலக்குவது அதற்குப் பிறகு. கடையில் விற்கும் இருமல் சிரப்புகளை இவர்கள் இருவருக்கும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

காய்ச்சலுக்கு பாரசிட்டமால் எடைக்குத்தான் கணக்கு, வயதுக்கு அல்ல: ஒரு கிலோவுக்கு 10–15 மி.கி., இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி, ஒரு நாளில் 4 முறைக்கு மேல் போகக்கூடாது. தப்பு நடப்பது சிரப்பின் வீரியத்தில். 9 கிலோ பையனுக்கு உச்ச அளவு 135 மி.கி. என்றால், 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ள சிரப்பில் அது 5.6 மி.லி., 250 மி.கி. உள்ளதில் 2.7 மி.லி. மட்டுமே. வீட்டில் இரண்டு பாட்டிலும் இருந்தால் ஒன்றைத் தூக்கிப் போடுங்கள். பாட்டிலோடு வரும் ஊசியில்லாச் சிரிஞ்சில்தான் அளக்கவேண்டும், சமையலறைக் கரண்டியில் அல்ல. உங்கள் பையனுக்கான அளவை மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு, பாட்டிலின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். நடு இரவில் கணக்குப் போடக்கூடாது.

எப்போது ஓடுவது? பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, முழு 60 விநாடி மூச்சை எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள், குழந்தை மூச்சு சீராக இருக்காது. 2 மாதத்திலிருந்து 12 மாதம்வரை நிமிடத்துக்கு 50 அல்லது மேல், 1–5 வயதுக்கு 40 அல்லது மேல் என்றால் வேக மூச்சு, அன்றே மருத்துவர். மூச்சிழுக்கும்போது விலா இடுக்கு உள்வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினால், எழுப்பினாலும் துவண்டுபோய் இருந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சை. வழக்கத்தில் பாதிகூட டயப்பர் நனையவில்லை என்றாலும் அன்றே காட்டுங்கள். 3 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 38 டிகிரி தொட்டாலே உடனே.

இந்தப் பருவத்துக்கே உரியது குரூப் (croup) என்ற குரல்வளை வீக்க இருமல். நள்ளிரவில் நாய் குரைக்கிற மாதிரிச் சத்தத்தோடு எழுந்து உட்காரும். மடியில் நிமிர்த்தி வைத்து அமைதிப்படுத்துங்கள், அழுகைதான் தொண்டையை இன்னும் இறுக்கும். போர்த்திக்கொண்டு குளிர்ந்த வெளிக்காற்றில் சில நிமிடம் நிற்பது உதவும். அமைதியாக இருக்கும்போதே மூச்சிழுக்கையில் கீச்சுச் சத்தம் கேட்டால் மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

பள்ளிக்கு அனுப்புவது பற்றி: தெளிவான சளி மட்டும், சாப்பிடுகிறாள், விளையாடுகிறாள் என்றால் அனுப்பலாம். பச்சைச் சளியும் தடையில்லை, நிறம் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. காய்ச்சல் இருந்தால் மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சலற்று இருந்த பிறகு. காய்ச்சல் மருந்தைக் காலையில் கொடுத்துவிட்டு அனுப்புவது மற்ற வீடுகளுக்குச் செய்யும் துரோகம், சொல்லிவிட்டேன்.

ஃப்ளூ தடுப்பூசி 6 மாதத்திலிருந்து போடலாம், பாதுகாப்பு ஏற இரண்டு வாரம் ஆகும். முதல் தடவை போடும் சிறு பிள்ளைகளுக்கு 4 வார இடைவெளியில் இரண்டு தவணை தேவைப்படலாம். அதனால் பருவத் தொடக்கத்திலேயே கேளுங்கள். வைட்டமின் டி பற்றியும் அதே வருகையில் கேட்டுவிடுங்கள், வெயில் குறையும் இடங்களில் ஒரு வயதுக்குள் நாளைக்கு 400 ஐ.யூ., அதாவது 10 மைக்ரோகிராம், என்பது பரவலான அளவு.

தோல் வறட்சிக்கு ஒரே பத்தி. குளியல் பத்து நிமிடத்துக்குள், 37 டிகிரி, சோப்பு அழுக்கு இடத்தில் மட்டும். துவட்டி மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசர். மூக்கொழுகும் பிள்ளைக்கு மேலுதட்டிலும் கன்னத்திலும் வெளியே போகுமுன் பெட்ரோலியம் ஜெல்லி. ஈரப்பதமூட்டி வைத்தால் அறை 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, தினமும் தண்ணீரைக் கொட்டிக் கழுவவேண்டும். கழுவாத ஈரப்பதமூட்டியைவிட ஈரப்பதமூட்டி இல்லாமல் இருப்பது மேல்.

—

சருகுப்பை எழுதியது:

வெளியே விளையாட்டைப் பத்தி யாருமே சொல்லலையே. இருட்டுறது சீக்கிரம்கிறதால நேரத்தை முதல்ல பிடிச்சு வைங்க. 50 டிகிரி அட்சரேகைப் பக்கம் இந்தப் பருவத்துல பகல் ஒரு நாளைக்கு 3லிருந்து 4 நிமிஷம் குறையுது, ஒரு வாரத்துல கிட்டத்தட்ட அரை மணி. "சாயந்திரம் பார்க்கலாம்"னு வச்சா மூணாவது வாரம் சாயந்திரமே இருக்காது. சின்னவன் பகல்தூக்கம் முடிஞ்சு எழுந்ததும் கிளம்பிடுங்க, சாப்பாடு திரும்பி வந்து.

இருட்டுல நடந்தா ஒளி திருப்பும் வில்லை கட்டாயம். கார் விளக்கைத் தாழ்த்தி ஓட்டும்போது வெளிச்சம் தரையோரமாத்தான் விழும், அதனால முழங்கால் உயரத்துல தொங்கணும், இரண்டு பக்கமும். தோள்ல ஒட்டினது அலங்காரம். தள்ளுவண்டிக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. ஈரச்சருகு மேல வண்டிச் சக்கரம் வழுக்கும், சரிவுல பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்தாம பக்கவாட்டுல திருப்பி நிறுத்துங்க.

சருகுக் குவியல்ல குதிக்கிறது பிள்ளைகளுக்குச் சொர்க்கம். ஆனா சாலையோரக் குவியல்ல வேண்டாம், உள்ளே பிள்ளை இருக்கிறது வண்டியோட்டிக்குத் தெரியாது. வேற இடத்துக் குவியலையும் முதல்ல ஒரு குச்சியால கிளறிப் பாருங்க, கண்ணாடி, நாய்க்கழிவு, சில இடங்கள்ல முள்ளெலி. வீடு திரும்பினதும் உண்ணி தேடணும், குளிர் வந்தா உண்ணி போயிடும்னு நினைக்காதீங்க. காதுக்குப் பின்னால, முடியோரம், அக்குள், தொப்புள், தொடையிடுக்கு, முழங்காலுக்குப் பின்னால. இருந்தா சன்னமுனைச் சாமணத்தால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா மேல இழுங்க. எண்ணெய், தீக்குச்சி, முறுக்குறது எதுவும் வேண்டாம். அடுத்த 30 நாளுக்குள்ள அந்த இடத்துல சிவப்பு வட்டம் பரவினா மருத்துவர். காய்ஞ்ச துணியை உலர்த்தியில அதிகச் சூட்டில 10 நிமிஷம் போட்டா ஒட்டியிருக்கிற உண்ணி செத்துடும்.

தரையில கிடக்கிறதுல வாய்க்குப் போகக் கூடாததும் இருக்கு. உங்க பையனுக்கு எல்லாமே வாய்க்குத்தான். கழிவறைத் தாள் சுற்றின அட்டை உருளைக்குள்ள நுழையுற எதுவும் அவன் பக்கத்துல கூடாது, ஓக் கொட்டை தாராளமா நுழையும். பெரியவளுக்கு விதி ஒண்ணே ஒண்ணு: பொறுக்கலாம், வாயில வைக்கக் கூடாது. ஹார்ஸ் செஸ்ட்நட் கொட்டை, பச்சை ஓக் கொட்டை, யூ மரத்துச் சிவப்புப் பழத்தோட விதை எல்லாம் நச்சு. காளானைத் தொட்டதால ஒண்ணும் ஆகாது, தின்னாத்தான். தின்னுட்டான்னு சந்தேகம் வந்தா வாயில இருக்கிறதை விரலால எடுத்துட்டு, மிச்சக் காளானைக் காகிதப் பையில போட்டுக்கிட்டு உடனே நச்சுத் தகவல் மையத்துக்கோ மருத்துவமனைக்கோ. வாந்தி எடுக்கவைக்காதீங்க. "நல்லாத்தானே இருக்கான்"னு காத்திருக்கிறதுதான் பெரிய தப்பு, டெத் கேப் மாதிரிக் கொடிய காளானுக்கு அறிகுறி வரவே 6 மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள ஈரல் பாதிப்பு தொடங்கிடும்.

பொறுக்கிட்டு வந்ததை என்ன செய்றதுன்னா, இலையை ஈரம் துடைச்சு இரண்டு காகிதத்துக்கு நடுவுல வச்சு மேலே கனமான புத்தகம், இரண்டு நாளுக்கொரு தடவை காகிதம் மாத்தினா ஒரு வாரத்துல தட்டையாகும். மாத்தலைன்னா பூஞ்சை. நொறுங்காம வளையணும்னா ஒரு பங்கு கிளிசரின், இரண்டு பங்கு தண்ணி, தட்டுல ஊத்தி மூணு நாள் முக்கி வைங்க, நிறம் கொஞ்சம் கறுக்கும். 4 வயசுக்கு அதைவிடப் பிடிக்கிறது இலைத்தடம்: நரம்பு பக்கம் மேலே, மெல்லிய தாள், உறை உரிச்ச மெழுகு வண்ணக்குச்சியைப் படுக்கவச்சுத் தேய்க்கணும். காய்ஞ்ச இலை உடைஞ்சுபோகும், அன்னைக்கு விழுந்த இலைதான் வேணும்.

—

தென்றல்வாசி எழுதியது:

ஓக் கொட்டை ஏற்கெனவே ஒரு டப்பா நிறைய அலமாரியில் இருக்கிறது, மூடிபோட்டு உயரத்தில். அப்படியே வைக்கலாமா?

—

சருகுப்பை எழுதியது:

மூடியைத் திறந்து பாருங்க, வெள்ளைப் புழு நெளிஞ்சா ஆச்சரியப்படாதீங்க. கூன்வண்டு பச்சையிலேயே கொட்டைக்குள்ள முட்டை வச்சுடும், புழு வளர்ந்ததும் ஓட்டைத் துளைச்சுட்டு வெளியே வரும். முதல்ல எல்லாத்தையும் ஒரு வாளித் தண்ணியில போடுங்க, மிதக்கிறது பெரும்பாலும் புழு தின்னது, அதை வெளியே கொட்டிடுங்க. மூழ்கினதைத் துடைச்சு, தட்டுல ஒரே அடுக்கா பரப்பி, அவனில் 80 டிகிரியில ஒண்ணரை மணி நேரம். அரை மணிக்கொரு தடவை கிளறுங்க, ஈரம் போக கதவை ஒரு விரல் இடைவெளி விட்டு வைங்க. ஆறினதுக்கு அப்புறம்தான் டப்பா. சூட்டோட மூடினா உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.